மூன்று திரி வெளிச்சத்தில் வாலி

வியாழன், பத்மநாபபுரம்

பழைய சமஸ்கிருத நாடகாசிரியன் பாசன் பெயரில் வழங்கும் 13 நாடகங்களில் அபிஷேக நாடகத்தை விரும்பிப் படித்ததாகச் சொன்ன ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. சொப்பன வாசவதத்தத்துக்கு ரசிகர்கள் உண்டு. தொடை முறிந்து கிடக்கும் துரியோதனனுக்காக ஊருபங்கத்தைக் கொண்டாடுபவர்கள் உண்டு. இராம கதை என்று எடுத்துக்கொண்டாலும் பிரதிமா நாடகத்துக்குக் கிடைத்த மரியாதை இதற்குக் கிடைக்கவில்லை. கிஷ்கிந்தையில் தொடங்கி முடிசூட்டு வரை ஆறே அங்கங்களில் ஓடி முடிந்துவிடும் இராமாயணச் சுருக்கம் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். அச்சில் படிக்கும்போது அந்தத் தீர்ப்பை மறுக்க எனக்கும் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

அந்த நாடகத்தின் முதல் அங்கத்தை, அதாவது வாலிவதத்தை, கேரளத்து இரிஞ்ஞாலக்குடாவில், அங்கே வழங்கும் சமஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டமாக நடிக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். பெரியம்மா உடன் வருகிறார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பனின் வாலி வதைப் படலத்தைப் புத்தகம் இல்லாமலே சொல்லக்கூடியவர். "கம்பன் வாலிக்குச் செய்த பிறகு வேறு யார் என்ன செய்துவிட முடியும்?" என்று பஸ்ஸில் கேட்டார். பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் அவகாசம் வேண்டும் என்றேன்.

கேரளத்துக்குள் போகுமுன் பத்மநாபபுரத்துக்காகத் தக்கலையில் இறங்கியதற்குக் காரணம் உண்டு. காளிதாசன் தன் மாளவிகாக்னிமித்திரத்தின் தொடக்கத்திலேயே பாசனைப் பெயர் சொல்லி மதிக்கிறான். அப்படிப்பட்டவனுடைய நாடகங்கள் அறிஞர் உலகத்தின் கைக்கு நெடுங்காலம் எட்டவில்லை. 1909-இல் திருவிதாங்கூர் அரசுக்காகச் சுவடிகளைத் தேடிவந்த கணபதி சாஸ்திரி, பத்மநாபபுரத்துக்கு அருகே மணலிக்கரை மடத்தில் மலையாள எழுத்தில் எழுதப்பட்ட ஓலைக்கட்டு ஒன்றைக் கண்டார். அதற்குள் பத்து நாடகங்கள் இருந்தன. அபிஷேக நாடகம் அந்தக் கட்டில் இல்லை. பிறகு கடுத்துருத்திப் பக்கத்தில் கிடைத்தது. கண்டெடுக்கப்பட்டதிலும் அது பின்வரிசைதான்.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. பராமரிப்பது கேரள அரசு. திங்கட்கிழமை விடுமுறை என்பதை வருகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மர வேலைப்பாடுகளைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன். எனக்கு நவராத்திரி மண்டபம்தான் முக்கியம். அரண்மனையின் மற்ற பகுதிகள் மரத்தால் ஆனவை, இது கருங்கல். தூண்களின் நிழல் கறுப்புத் தரையில் தலைகீழாகத் தெரிகிறது. அரச குடும்பத்துப் பெண்கள் மரச் சட்டங்களுக்குப் பின்னால் இருந்து பார்க்கும்படி ஓர் ஓரத்தை அடைத்திருக்கிறார்கள். ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் என்றே கட்டிய இடம். மண்டபத்தோடு சேர்ந்த சரஸ்வதி சன்னிதியைப் பார்த்ததும் பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. அந்தச் சரஸ்வதி கம்பன் வழிபட்டவள் என்பது இங்கே வழங்கிவரும் நம்பிக்கை. நவராத்திரிக்கு அவளை ஊர்வலமாகத் திருவனந்தபுரம் கொண்டுபோகிறார்கள். "நாமும் அவள் போகிற வழியில்தான் போகிறோம்" என்றார் பெரியம்மா.

வெள்ளி, திருவனந்தபுரம்

ரயில் பயணம் குறுகியது, சொல்ல ஒன்றுமில்லை. மழை பிடித்துக்கொண்டதால் ஊர் சுற்றும் எண்ணத்தையும் விட்டுவிட்டு அறையிலேயே நாடகத்தை எடுத்துவைத்துக்கொண்டோம்.

இந்த ஊரில்தான் 1912-இல் கணபதி சாஸ்திரி பாசன் நாடகங்களைத் திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில் அச்சிடத் தொடங்கினார். உடனே சண்டையும் தொடங்கியது. நாடகங்களுக்குள் எங்குமே ஆசிரியர் பெயர் இல்லை. இவை பாசனுடையவைதானா என்ற கேள்வி இன்றைக்கும் முடியவில்லை. மறுத்தவர்களில் சிலர், இவை கூடியாட்டம் ஆடும் கேரளத்துச் சாக்கியார்கள் மேடைக்காக வெட்டியும் கோத்தும் வைத்துக்கொண்ட பிரதிகள் என்றார்கள். அதைக் குற்றச்சாட்டாகத்தான் சொன்னார்கள். எனக்கு அது குற்றச்சாட்டாகவே படவில்லை. அறிஞர்கள் தொலைந்துபோனதாக நினைத்த நாடகங்களில் சிலவற்றின் அங்கங்களைச் சாக்கியார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கோவில்களின் ஆட்ட அரங்குகளான கூத்தம்பலங்களில் நடித்துக்கொண்டே இருந்தன. எந்தச் சுலோகத்தை எப்படி விரிப்பது என்பதற்கு ஆட்டப்பிரகாரம் என்ற கையேடுகளே அவர்களிடம் இருந்தன. நாடகம் அவர்கள் உடம்பில் இருந்தது. ஓலை மட்டும்தான் பிந்திக் கிடைத்தது.

முதல் அங்கத்தை உரக்க வாசித்தேன். வாசித்துக்கொண்டே பெரியம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அதிக நேரம் ஆகவில்லை.

இராமன், இலக்குவன், சுக்ரீவன், அனுமன் வருகிறார்கள். சுக்ரீவன் அறைகூவுகிறான். தாரை தடுக்கிறாள், வாலி கேட்கவில்லை. சண்டை. அம்பு. விழுந்தவன் அம்பில் இருக்கும் பெயர் எழுத்துகளைப் படிக்கிறான். பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். கம்பனிலும் வாலி அப்படித்தான் இராமன் பெயரைக் கண்ணால் காண்கிறான் அல்லவா?

அதற்குப் பிறகுதான் சிக்கல். வஞ்சித்து அடித்தது முறையா என்று வாலி கேட்கிறான். விலங்கை மறைந்திருந்து கொல்வது வழக்கம். நீ விலங்கு, தண்டனைக்கும் உரியவன் என்கிறான் இராமன். தம்பியின் மனைவியைத் தீண்டினாய் என்கிறான். என் மனைவியைச் சுக்ரீவனும்தானே தீண்டினான், எனக்கு மட்டும் ஏன் தண்டனை என்று வாலி திருப்பிக் கேட்கிறான். மூத்தவன் இளையவன் மனைவியைத் தீண்டுவது வேறு என்கிறான் இராமன். "எங்களிடம் பதில் இல்லை" என்று வாலி ஒப்புக்கொண்டுவிடுகிறான்.

"அவ்வளவுதானா?" என்றார் பெரியம்மா.

அவ்வளவுதான். கம்பனின் வாலி "வீரம் அன்று, விதி அன்று" என்றெல்லாம் சொல்லி ஒவ்வொரு கேள்வியாக அடுக்கி இராமனை நிற்கவைக்கிறான். அந்தப் பாட்டுகளில் ஊறிய ஒருவருக்கு இந்த வாலி சீக்கிரமாகத் தோற்றுவிடுவதுபோலத்தான் தோன்றும். இராமனைக் காப்பாற்ற அவசரப்பட்ட ஆசிரியன் என்று பெரியம்மா தீர்ப்பு எழுதினார். படித்தவரைக்கும் அதை மறுக்க முடியாது. வாதம் இரண்டு மூன்று பரிமாற்றங்களில் முடிகிறது. மரணம் அதைவிடச் சீக்கிரம் முடிகிறது: பெண்களை அருகே விடாதீர்கள் என்கிறான், அங்கதனை ஒப்படைக்கிறான், பொன்மாலையைச் சுக்ரீவனிடம் கொடுக்கிறான், அனுமனிடம் தண்ணீர் கேட்கிறான், கங்கை முதலிய நதிகளும் ஊர்வசி முதலிய அப்சரஸ்களும் வருவதைக் காண்கிறான், ஆயிரம் அன்னங்கள் பூட்டிய விமானத்தைக் காண்கிறான், "இதோ, இதோ வருகிறேன்" என்று சொல்லி இறக்கிறான். எல்லாம் ஒரு பக்கத்துக்குள்.

மேடையில் மரணத்தைக் காட்டக்கூடாது என்பது சமஸ்கிருத நாடக மரபு. பாசன் பெயரில் உள்ள நாடகங்கள் அதை மீறுகின்றன; துரியோதனன், தசரதன், வாலி மூவரும் நம் கண்முன்னால் சாகிறார்கள். நாளை அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

சனி, இரிஞ்ஞாலக்குடா (நள்ளிரவுக்குப் பிறகு எழுதுகிறேன்)

ரயில் நிலையத்தின் பெயர் இரிஞ்ஞாலக்குடா என்றாலும் நிலையம் இருப்பது கல்லேட்டுங்கரையில். ஊருக்குள் வர பஸ்ஸோ ஆட்டோவோ வேண்டும்.

காலையில் கூடல்மாணிக்கம் கோவிலுக்குப் போனோம். மூலவர் பரதன். அண்ணன் தனக்கு விட்டுச்சென்ற அரசை வேண்டாம் என்ற தம்பிக்குக் கட்டிய கோவில். அந்த ஊரில், அண்ணனின் அரசைப் பெறும் தம்பியின் கதையை நடிக்கிறார்கள். பிரகாரத்தில் கூத்தம்பலம் தனிக் கட்டிடமாக நிற்கிறது. நெடிய சரிவுக் கூரை, சுற்றிலும் மர அழிச் சுவர். கோவில் கூத்தம்பலங்களில் சாக்கியார் குடும்பங்களுக்கு மட்டுமே ஆடும் உரிமை இருந்த காலம் நெடியது. கலைப் பள்ளியான கேரள கலாமண்டலத்தில் 1965-இல் பைங்குளம் ராம சாக்கியார் கற்பிக்கத் தொடங்கிய பிறகு வேறு குடும்பத்துப் பிள்ளைகளும் கற்றார்கள். 2001-இல் யுனெஸ்கோ கூடியாட்டத்தை மானுடத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. இன்றைய ஆட்டம் கோவிலுக்கு வெளியே, ஒரு சிறிய அரங்கில்.

சில இரவுகளாக நடந்துவரும் ஆட்டத்தின் கடைசி இரவு இது. முந்தைய இரவுகளில் சுக்ரீவன் மட்டும் மேடையில் நின்று, தான் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதையை முன்னும் பின்னுமாகக் கையாலும் கண்ணாலும் சொல்லியிருக்கிறான். அதற்கு நிர்வஹணம் என்று பெயர். இன்று வந்து உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் அந்த இரவுகளையும் பார்த்தவர்கள். அவர்களுக்குச் சுக்ரீவனின் பயம் பழகிய பயம்.

மேடையில் ஒரே ஒரு நிலவிளக்கு. மூன்று திரி. இரண்டு நடிகனை நோக்கி, ஒன்று நம்மை நோக்கி. பின்னால் மரச் சட்டத்துக்குள் இரண்டு மிழாவுகள். குடம் போன்ற செம்பு உடல், வாயில் தோல். பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்து, கூடியாட்டத்தில் பெண் வேடம் ஏற்கும் நங்கியார் தாளத்தோடு அமர்ந்திருக்கிறார். இரண்டு பேர் பிடித்த திரை விலகியபோது பெரியம்மா என் கையைத் தட்டி, "இந்த வெளிச்சத்தில் கண் தெரியுமா?" என்றார். கண் மட்டும்தான் தெரிந்தது. இது மிகையில்லை. விளக்கு இடுப்பளவு உயரத்தில் முகத்துக்கு நேரே எரிகிறது. கண்ணின் வெள்ளை அசைவது கடைசி வரிசைவரை வருகிறது.

வாலி வரும் இடத்தை விட்டுவிட்டு நேராக அம்புக்குப் போகிறேன். மற்றதை எழுதினால் விடிந்துவிடும்.

அம்பு பட்டதும் அவன் விழவில்லை. நின்றான். மிழாவுச் சத்தம் சட்டென்று அறுந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடினான்: எதிரே, வலது பக்கம், மேலே. தம்பியைப் பார்த்தான். உன்னிடமிருந்து வந்திருக்க முடியாது என்று அந்தப் பார்வை சொன்னது. அதில் வெறுப்பு இல்லை. தம்பியின் வலிமையை அளந்து தெரிந்துவைத்திருக்கும் அண்ணனின் கணக்கு. பிறகுதான் முழங்கால் மடிந்தது. அம்பில் எழுத்துகளைப் படித்தபோது ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மூச்சு செலவானது. மூன்றாவது மூச்சில் பெயர் தெரிந்துவிட்டது. முகத்தில் வந்தது கோபம் இல்லை, குழப்பம். எனக்கும் இவனுக்கும் என்ன? கோபம் அதற்கும் பிறகு வந்தது.

வாதம் எழுத்தில் இருந்தபடியே சுருக்கமாக நடந்தது. "எங்களிடம் பதில் இல்லை" என்ற இடம் வந்தது. அறையில் நான் வாசித்தபோது ஒரே நொடியில் கடந்துபோன வரி. நடிகர் அதைச் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கி நிறுத்தினார். இராமனைப் பார்த்தார். இராமனாக நின்றவர் கண்ணை விலக்கவில்லை, ஆனால் அவருக்கும் அங்கே செய்வதற்கு எதுவும் இல்லை. பிரதியில் அவருக்கு அடுத்த வரி இல்லை. பார்வை அங்கிருந்து சுக்ரீவனுக்குப் போனது. சுக்ரீவன் தலை குனிந்தான். மறுபடி இராமனுக்கு வந்தது. பிறகு தன் மார்பைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அந்தச் சொற்கள், இழுத்த சுரத்தில். அந்த நேரத்துக்குள் பதில் கிடைத்தும் சொல்லாமல் விட்டவன்போல ஆகிவிட்டான் வாலி. சாகப்போகிறவனுக்கு வழக்கில் ஜெயித்து ஆகவேண்டியது என்ன இருக்கிறது? நேரம் குறைவு, வேறு வேலை இருக்கிறது. தோற்பது என்று நாங்கள் வாசித்ததை, அந்த நடிகர் வாதத்தை வாலி கைவிடுவதாக நடித்தார். பிரதியின் ஒரு சொல்லும் மாறவில்லை.

பெண்கள் வரும் ஓசை கேட்டதும் அவர் செய்ததைப் பாருங்கள். இந்த நிலையில் என்னைப் பார்க்கக்கூடாது என்பது நாடகத்தில் ஒரு வரிதான். அவர் எழுந்து உட்கார முயன்றார். முடியவில்லை. ஒரு கையால் ஆடையை இழுத்து அம்பு தைத்த இடத்தை மூடினார். மறு கையால் கிரீடத்தைத் தொட்டுச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பக்கத்தில் பெரியம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

பிறகு மாலை. கழற்றிக் கொடுக்கும்போது சுக்ரீவனின் கை நடுங்கியது, வாலியின் கை நடுங்கவில்லை. தண்ணீர். நதிகள். அப்சரஸ்கள். எழுத்தில் இவை சடங்குக்காகச் சேர்த்த அலங்காரம்போல இருக்கும். மேடையில் அந்த விமானம் வருவதை நான் கண்டேன், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவருடைய கருவிழி மேல் மூலையிலிருந்து மெல்ல இறங்கி வந்து அருகே நின்றது. அதற்குள் மூச்சு மாறியிருந்தது. வயிற்றில் இருந்த மூச்சு மார்புக்கு, மார்பிலிருந்து தொண்டைக்கு. ஒவ்வோர் இழுப்புக்கும் இடையில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. மிழாவு வாசிப்பவர் விரல் நுனியால் மட்டும் அந்த மூச்சோடு போனார். கால் விரல்கள் ஒருமுறை விறைத்தன. கழுத்தில் ஒரு நரம்பு. இது அரைமணி நேரத்துக்கு மேல் நடந்தது. யாரும் இருமக்கூட இல்லை.

அவ்வளவு நேரமும் இராமன் நின்றுகொண்டிருந்தான். இது அச்சுப் பக்கத்தில் தெரியவே தெரியாத விஷயம். படிக்கிறவனுக்குப் பேசுகிறவன் மட்டும்தான் இருக்கிறான். பேசாதவன் காணாமல் போய்விடுகிறான். மேடையில் அம்பு விட்டவன், தன் நியாயத்தைச் சொல்லி முடித்தவன், அதன் விளைவு ஒவ்வொரு மூச்சாக நடந்து முடிவதைப் பார்த்தபடி நிற்க வேண்டியிருக்கிறது. இராமனைக் காப்பாற்ற அவசரப்பட்டதாக நேற்று நாங்கள் சொன்ன நாடகம் அவனை அங்கிருந்து நகரவே விடவில்லை.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது, பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் பெரியம்மாவிடம் மலையாளத்தில் பேச்சுக் கொடுத்தார். இதே ஊரில் அம்மன்னூர் மாதவ சாக்கியாரின் வாலியைப் பலமுறை பார்த்தவராம். 2008-இல் மறைந்த அந்த மேதை, மூச்சை ஆளும் முறையைக் கொடுங்கல்லூரில் பகவதர் குஞ்ஞுண்ணித் தம்புரானிடம் பயின்றவர். அவருடைய வாலி மரணம் கூடியாட்ட உலகம் முழுவதும் பேசப்பட்டது. "டீச்சர், இன்று ஆடிய பையன் நன்றாகச் செய்தான். ஆசானின் வாலி சாகும்போது எங்களுக்கும் மூச்சு முட்டும்" என்றார். பெரியம்மா தமிழாசிரியர் என்பதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஞாயிறு, திருமூழிக்களம்

நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். மலையாளத்தில் மூழிக்குளம். சாலக்குடி ஆற்றங்கரை. மூலவரை இங்கே இலக்குவனாக வழிபடுகிறார்கள். கர்க்கடக (ஆடி) மாதத்தில் நான்கு சகோதரர்களின் கோவில்களையும் ஒரே நாளில் தரிசிக்கும் கூட்டம் இங்கே நிறையும். இன்று கூட்டமில்லை. இந்த ஊரும் கூடியாட்டம் வாழும் ஊர்தான். சாக்கியார் என்ற பெயரே நமக்குப் புதிதல்ல. சேரன் செங்குட்டுவன் முன்னால் பறையூர்க் கூத்தச் சாக்கையன் ஆடினான் என்று சிலப்பதிகாரம் நடுகற்காதையில் சொல்கிறது. பெரியம்மா அந்த வரிகளை ஆற்றைப் பார்த்தபடி சொல்லிக்காட்டினார்.

பிறகு எங்கள் சண்டை தொடங்கியது.

நான் சொன்னது இது. நாடகத்தின் தலைப்பு அபிஷேகம். இறுதியில் வரும் இராமனின் முடிசூட்டு விழாவுக்காக வைத்த பெயர் என்றே நினைத்துப் படிக்கிறோம். ஆனால் முதல் அங்கத்தின் முடிவில், வாலி இறந்ததும், சுக்ரீவனுக்கு அபிஷேகம் ஏற்பாடு செய் என்று இலக்குவனிடம் இராமன் சொல்கிறான். நான்காம் அங்கத்தில் விபீஷணனிடம், இன்று முதல் நீ இலங்கைக்கு அரசன் என்கிறான். கடைசியில்தான் அவனுக்கே முடி. மூன்று அரசுகள், முதல் இரண்டும் அண்ணனிடமிருந்து தம்பிக்கு. நேற்று அந்த முதல் கட்டளை வந்தபோது, கிடந்தவன் இன்னும் மேடையிலேயே கிடந்தான். அந்த உடலைப் பார்த்துவிட்ட பிறகு, பின்னால் வரும் ஒவ்வொரு முடியும் அதற்கு மேல்தான் வைக்கப்படுகிறது. சுருக்கம் என்று சொல்லப்பட்டதற்குள் ஒரு கட்டமைப்பு இருக்கிறது. அதைக் காட்ட ஓர் உடல் தேவைப்பட்டிருக்கிறது.

பெரியம்மா முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "நடிகருக்குக் கொடுக்க வேண்டிய புகழை நீ நாடகத்துக்குக் கொடுக்கிறாய். அந்தப் பிள்ளையிடம் பஞ்சாங்கத்தைக் கொடுத்தாலும் அழவைப்பான்" என்றார். வலுவான ஆட்சேபம்தான். ஆனால் கம்பனின் வாலியை அதே நடிகரிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தப் பாட்டுகளே எல்லாவற்றையும் செய்து முடித்துவிடுகின்றன. கோபம், கேள்வி, தெளிவு, மன்னிப்பு எல்லாம் சொல்லிலேயே நிறைந்திருக்கின்றன. கேட்கிறவர் கண்ணை மூடிக்கொண்டாலும் வாலி முழுசாக வந்து நிற்கிறான். பாசனின் வாலிக்கு அந்த வசதி கிடையாது. நடிகன் நுழைவதற்கென்றே இடம் விட்டு எழுதப்பட்ட பிரதி அது. இடம் விடத் தெரிந்ததும் எழுத்தாளனின் திறமைதானே?

இதே நாடகத்தின் மூன்றாம் அங்கமும் எனக்குச் சாட்சி. தோரணயுத்தம் என்று நடிக்கிறார்கள். அசோகவனத்தை அனுமன் அழித்த செய்தியை ஒரு காவலன் ராவணனிடம் வந்து சொல்கிறான். அலங்காரத்தில் ஆசையுள்ள மண்டோதரிகூட அன்பினால் ஒரு தளிரைக் கிள்ளாத வனம் என்கிறது சுலோகம். படித்தால் ஒரு செய்தி அறிக்கை. கூடியாட்டத்தில் ராவணன் கைலாயத்தை அடியிலிருந்து உச்சிவரை கண்ணாலேயே அளந்து, பெயர்த்து, தூக்கி எறிந்து பிடிக்கும் புகழ்பெற்ற பகுதி இந்த அங்கத்துக்குள்தான் வருகிறது. கூடியாட்ட மேதை மாணி மாதவ சாக்கியாரின் கண்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்த ராவணனைத்தான் பேசுகிறார்கள். ஒரு நாடகத்தின் இரண்டு அங்கங்களை நூற்றாண்டுகளாக நடிகர்கள் கைவிடாமல் வைத்திருந்தார்கள் என்றால், படித்தவர்கள் காணாத ஏதோ ஒன்றை அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

"சரி, மற்ற அங்கங்கள்?" என்றார் பெரியம்மா.

அங்கமாலி நிலையத்தில் ரயிலுக்காக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். புத்தகம் அவர் மடியில் இருக்கிறது. ஐந்தாம் அங்கத்தில் இராம இலக்குவரின் பொய்த் தலைகளைச் சீதையின் முன்னால் காட்டும் இடத்தை மறுபடி சொல்லச் சொன்னார். எழுத்தில் சின்ன இடம். சீதை மயங்கி விழுகிறாள், தன்னையும் கொன்றுவிடச் சொல்கிறாள். நேற்றைய மேடையில், அதே விளக்கின் முன்னால், ஒரு நங்கியார் இதை எடுத்துக்கொண்டால் அந்தத் தலைகளை முதலில் எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பார் என்று கேட்கிறார். இடமிருந்து என்கிறேன் நான். பார்க்கவே மாட்டாள், ராவணனைத்தான் பார்ப்பாள் என்கிறார் அவர்.